ஆஸ்டினிலிருந்து ஒரகடம் வரை: ஆறு பக்கக் கட்டுரை ஒன்றின் வாழ்க்கை

ஒரகடம் கூட்டுரோட்டில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடுகின்றன. இரவு பகல் பாராமல் டிரெய்லர் லாரிகள் திரும்பும் இடம் அது. 2010ல் ரெனோவும் நிசானும் சேர்ந்து திறந்த கார் ஆலை, டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் எல்லாம் இங்கே உண்டு. வடக்கே போனால் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி ஆலைகள். அதையும் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்.

இந்தத் தடத்துக்குள் வரும் சரக்கில் ஒரு வகைப் பெட்டியைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். வைர வடிவ லேபிள், மேல்பாதியில் கறுப்புக் கோடுகள், கீழே தீப்பிடித்த பேட்டரியின் படம், அடியில் 9 என்ற எண். பக்கத்தில் ‘யுஎன் 3480’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது லித்தியம்-அயனி பேட்டரி என்று உலகம் முழுக்கச் சொல்லும் குறி இது. பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர் இருக்கும், எடை இருக்கும், எச்சரிக்கை இருக்கும். உள்ளே வேலை செய்யும் வேதியியலை யார், எந்த ஆண்டு, எந்த ஆய்விதழில் எழுதினார்கள் என்பது இருக்காது.

அந்த வேதியியலின் ஒரு கிளைக்கு வேர் 1987லும் 1989லும் வந்த இரண்டு சிறிய கட்டுரைகள். இரண்டிலும் முதல் பெயர் ஆறுமுகம் மந்திரம். இரண்டாவது பெயர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜான் குட்இனஃப். 1989 கட்டுரைக்கு மொத்தமே ஆறு பக்கம்; ‘ஜர்னல் ஆஃப் பவர் சோர்ஸஸ்’ இதழின் 26ஆம் தொகுதியில் 403ஆம் பக்கத்தில் தொடங்கி 408ல் முடிகிறது. அந்த ஆறு பக்கம் எங்கே பிறந்தது, எப்படி நடந்தது, ஸ்ரீபெரும்புதூர் சாலைக்கு எப்படி வந்தது என்று பார்த்தால், இன்று நாம் வேதியியல் ஆய்வாளர்களை எடைபோடும் முறையில் எது விடுபட்டுப்போகிறது என்பதும் கூடவே தெரியும்.

பிறப்பு

மந்திரம் தென் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் 1951ல் பிறந்தவர். மதுரையில் வேதியியலில் இளநிலையும் முதுநிலையும் படித்தார். சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தார். 1985ல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப்பின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே குட்இனஃப் அமெரிக்காவின் ஆஸ்டின் நகருக்கு, டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மந்திரமும் உடன் போனார்.

குட்இனஃப்பின் குழு 1980லேயே லித்தியம் கோபால்ட் ஆக்சைடை அறிவித்திருந்தது. இன்று கைபேசிகளுக்குள் இருக்கும் கேத்தோடு, அதாவது பேட்டரியின் நேர்முனைப் பொருள், அந்த வழியில் வந்ததுதான். 4 வோல்ட் தரும் நல்ல பொருள். ஆனால் கோபால்ட் விலை அதிகம், உலகில் சில இடங்களில்தான் கிடைக்கிறது. இரும்பு எங்கும் கிடைக்கிறது, மலிவானது. ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடை கேத்தோடாக வைத்தால் 2.5 வோல்ட்டுக்கும் கீழேதான் கிடைக்கும். அவ்வளவு தாழ்ந்த மின்னழுத்தத்தில் உபயோகமான பேட்டரி செய்ய முடியாது.

மந்திரமும் குட்இனஃப்பும் ஆக்சிஜனைத் தனியாக விடவில்லை. ஆக்சிஜனோடு இன்னொரு தனிமத்தை இறுகப் பிணைத்த தொகுதிகளை இரும்போடு சேர்த்தார்கள். 1987 கட்டுரையில் மாலிப்டேட்டும் டங்ஸ்டேட்டும். இரண்டுமே 3.0 வோல்ட் தந்தன. 1989 கட்டுரையில் அதே இரும்பு, அதே மாதிரி அணுச்சட்டகம். மாலிப்டினத்தின் இடத்தில் கந்தகம் மட்டும் புதிது. மின்னழுத்தம் 3.6 வோல்ட்டுக்கு ஏறியது.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, என்ன நடக்கிறது என்று பார். நல்ல சோதனைக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 0.6 வோல்ட் ஏறியதற்கான காரணத்தையும் அவர்கள் சொன்னார்கள். கந்தகம்–ஆக்சிஜன் பிணைப்பு வலுவான சகப்பிணைப்பு. அது ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் இரும்பு–ஆக்சிஜன் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை குறைகிறது. இரும்பின் ஆற்றல் மட்டம் கீழே இறங்குகிறது. லித்தியத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, அதாவது மின்னழுத்தம், கூடுகிறது. பதினோராம் வகுப்பில் கரிம வேதியியல் பாடத்தில் தூண்டல் விளைவு என்று படிக்கிறோமே, அதே இழுப்பு ஒரு திண்மப் பொருளுக்குள் வேலை செய்கிறது.

அந்த ஆறு பக்கத்தின் செல்வம் இந்த விளக்கம்தான். இரும்பு சல்பேட் கடைக்கு வரவில்லை, வரவும் முடியாது. அதற்குள் லித்தியம் கிடையாது, எனவே கிராஃபைட் எதிர்முனையோடு ஜோடி சேர்த்து அப்படியே விற்கும் பேட்டரி ஆகாது. ஆனால் இனி வருபவர்களுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. எந்தத் தொகுதியைச் சேர்த்தால் இரும்பின் மின்னழுத்தம் எங்கே போகும் என்று முன்கூட்டியே கணிக்கலாம்.

கேட்பாரற்ற ஆண்டுகள், பிறகு 1997

1989ல் லித்தியம் பேட்டரி ஆய்வாளர்களின் உலகம் மிகச் சிறியது. சோனி நிறுவனம் முதல் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1991ல்தான். ஒரு கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டுமானால், அதே துறையில் எழுத ஆள் வேண்டும். ஆள் குறைவு, எனவே மேற்கோளும் குறைவு. கட்டுரையின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

1997 ஏப்ரலில் அதே ஆஸ்டின் ஆய்வகத்திலிருந்து ஏ. கே. பாதி, கே. எஸ். நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூவரும் எழுதிய கட்டுரை வந்தது. சல்பேட்டின் இடத்தில் பாஸ்பேட். கூடவே லித்தியமும் உள்ளேயே இருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஆலைக்காரர்கள் எல்எஃப்பி என்பது இதைத்தான். சுமார் 3.4 வோல்ட். கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம். பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் சூடானாலும் ஆக்சிஜன் எளிதில் வெளியே வராது. தீப்பிடிக்கும் ஆபத்து மற்ற வகைகளைவிடக் குறைவு.

குறையும் இருந்தது. மின்சாரம் அதற்குள் மிக மெதுவாகத்தான் நகர்ந்தது. துகளைப் பொடிப்பொடியாக்கி, ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய கார்பன் பூச்சு கொடுத்து, கனடா ஆய்வாளர்களும் பிறகு பலரும் அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். அதன்பின் பெருவெள்ளம். 1997 கட்டுரையை ஆயிரக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. பேட்டரித் துறையில் மிக அதிகம் மேற்கோள் பெற்றவற்றில் அது ஒன்று. அதன் அடியில் நிற்கும் 1989 கட்டுரைக்குக் கிடைத்தது அதில் சிறு பங்கு.

இதில் யாருடைய தவறும் இல்லை. ஒரு கருத்து எல்லோருக்கும் தெரிந்ததாக ஆகிவிட்டால் அதை யார் முதலில் சொன்னார் என்று எழுதுவதை நிறுத்திவிடுகிறோம். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைக் கவனித்து எழுதினார்: அறிவுக்குள் முழுதாகக் கரைந்துபோவதே ஒரு கண்டுபிடிப்பின் பெயர் மறைவதற்குக் காரணம் ஆகிறது. எவ்வளவு ஆழமாகப் பயன்படுகிறதோ அவ்வளவுக்கு எண்ணிக்கையில் தெரியாமல் போகும்.

அளவுகோல் வந்த வழி

மேற்கோளை எண்ணும் பழக்கமும் வேதியியலில்தான் தொடங்கியது. 1927ல் அமெரிக்காவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கிராஸ் இணையர் ஒரு நடைமுறைக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். சிறு கல்லூரி ஒன்றின் நூலகத்துக்குப் பணம் கொஞ்சம்தான். எந்த வேதியியல் ஆய்விதழ்களை வாங்குவது? அமெரிக்க வேதியியல் சங்க இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அடிக்குறிப்புகளில் எந்தெந்த இதழ்கள் வருகின்றன என்று எண்ணினார்கள். அலமாரிக்கு இதழ் தேர்ந்தெடுக்க எண்ணினார்கள். ஆளை எடைபோட எண்ணவில்லை.

நூலகத்துக்காக எண்ணச் சொன்ன இன்னொருவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1948ல் இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் நூலகப் பணிக்கும் புள்ளியியல் வேண்டும் என்று வாதிட்டு அதற்கு ‘லைப்ராமெட்ரி’ என்று பெயர் வைத்தார். வாசகனுக்கு அவனுக்குரிய நூல் போய்ச்சேர வேண்டும் என்பதே அவருடைய கவலை.

அடுத்து வந்தவர் யூஜின் கார்ஃபீல்டு. கொலம்பியாவில் வேதியியல் படித்தவர். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873லிருந்தே அட்டவணை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து, அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1955ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். 1964ல் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வழக்கமான வெளியீடாக வரத் தொடங்கியது. இதுவும் ஆய்வாளர் தனக்கு வேண்டிய கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்கச் செய்த கருவி.

இவர்கள் எல்லோரும் வாசிப்பதற்காக எண்ணினார்கள். எண்ணிக்கை கையில் வந்தபின், வாசிக்காமலே மதிப்பிட அது உதவும் என்று நிர்வாகங்கள் கண்டுகொண்டன. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளைக் காட்டும் இம்பாக்ட் ஃபேக்டர் வந்தது. 2005ல் கலிஃபோர்னியா இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ஆளுக்கும் ஓர் எண் கொடுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 மேற்கோளாவது பெற்றிருந்து, 21 கட்டுரைகள் தலா 21 பெறவில்லையென்றால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 20. எளிது, அழகானது. பத்து ஆண்டுக்குள் உலகெங்கும் வேலை விண்ணப்பங்களில் ஏறிவிட்டது.

மந்திரத்தை இந்த அளவுகோலில் நிறுத்தினால் மிக உயரமாகத் தெரிவார். ஆயிரத்தை ஒட்டிய கட்டுரைகள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள், 150ஐத் தாண்டிய எச்-இன்டெக்ஸ். அவருடைய பெருமையை இந்த எண்கள் மறைக்கவில்லை. ஆனால் எது எதனால் பெரியது என்று அவை சொல்வதில்லை. எச்-இன்டெக்ஸ் கணக்கில் அந்த ஆறு பக்கக் கட்டுரை ஒன்றே ஒன்று. பிற்காலத்தில் நல்ல வரவேற்பைப் பெற்ற ஏதோ ஒரு தொகுப்புரையும் ஒன்று. எல்லையைத் தாண்டிவிட்டால் இருநூறு மேற்கோளும் பத்தாயிரம் மேற்கோளும் சமம். ஒரு துறைக்கே வழிகாட்டிய சோதனையும், அந்த வழியில் நடந்தவர்களைப் பட்டியலிட்ட கட்டுரையும் ஒரே எடை.

இன்னொன்று: எண் ஒருவருக்கு ஒன்றாக நிற்பதுகூட இல்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும். ஸ்கோபஸ் வேறு பட்டியல் வைத்திருக்கும். ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண் வரும். பேட்டரி போன்ற கூட்டம் நிறைந்த துறையில் சுமாரான கட்டுரைக்குக் கிடைக்கும் மேற்கோள், ஆள் குறைந்த துறையில் சிறந்த கட்டுரைக்கும் கிடைக்காது.

எண்ணிக்கை சம்பளத்தையும் பதவியையும் தீர்மானிக்கத் தொடங்கியபோது மேற்கோளின் குணமே மாறியது. நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் நோட்டு அன்பின் கணக்காகத் தொடங்கியது; யார் எவ்வளவு எழுதினார்கள், நாம் எவ்வளவு திருப்பி எழுத வேண்டும் என்பதே நோக்கமாகும்போது அது கடன் கணக்கு ஆகிவிடுகிறது. மேற்கோளுக்கும் அதுவே நேர்ந்தது. நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்ற ஒப்பந்தங்கள், தன் கட்டுரையைத் தானே திரும்பத் திரும்பக் காட்டுவது, பணம் கொடுத்துப் பெயர் சேர்ப்பது எல்லாம் பல நாடுகளில் அம்பலமாகியிருக்கின்றன. நம் நாட்டில் 2016ல் தொடங்கிய தேசியத் தரவரிசை, பல்கலைக்கழகங்களுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் நூற்றுக்கு 30 மதிப்பெண்ணை ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது. அதில் கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோளும் பெரும்பங்கு. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் நிலை 2025ல் வந்தது. அளவுகோலுக்கே காவல் போட வேண்டியதாயிற்று.

ஸ்டாக்ஹோம்

2019ல் வேதியியல் நோபல் பரிசு லித்தியம்-அயனி பேட்டரிக்காக குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. குட்இனஃப்புக்கு அப்போது 97 வயது. நோபல் பெற்றவர்களில் அதுவே மிக அதிக வயது. டிசம்பர் 8ஆம் தேதி ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக அரங்கில் அவருடைய நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் மந்திரம்.

கேத்தோடுகளை எப்படி வடிவமைத்தார்கள் என்பதுதான் உரையின் பொருள். அடுக்கு ஆக்சைடு, ஸ்பைனல், சல்பேட்–பாஸ்பேட் வகை என்று குட்இனஃப் குழுவில் பிறந்த மூன்று குடும்பங்களையும் அவர் அந்த மேடையில் விளக்கினார். மூன்றாவது குடும்பம் பிறந்தபோது சோதனைச் செல்லில் அளவெடுத்த கை அவருடையது. முப்பது ஆண்டுக்கு முன் ஆறு பக்கத்தில் எழுதியது அந்த அரங்குக்கு வந்து சேர்ந்தது. தன் வாழ்நாள் வேலையைப் பற்றிப் பேச ஆசிரியர் தன் இடத்தில் மாணவரை நிறுத்துகிறார். எந்த அட்டவணையிலும் இதற்குக் கட்டம் இல்லை. ஆனால் ஒரு வேதியியலாளரின் மதிப்பை இதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதில்லை என்று நம்புகிறேன்.

தடத்துக்குள்

எல்எஃப்பியைப் பெரிய அளவில் கையிலெடுத்தது சீனா. 2020ல் பிஒய்டி நிறுவனம் நீண்ட தகடு வடிவச் செல்களை நேரடியாக அடுக்கும் ‘பிளேடு’ பேட்டரியை அறிவித்தது. 2023ல் உலக மின்வாகனப் பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் எல்எஃப்பி என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. மலிவு, நீண்ட ஆயுள், கோபால்ட்டிலிருந்து விடுதலை. எல்லாம் 1989ல் சொன்ன அந்த இழுப்பின் மேல் கட்டிய வீடு.

பிஒய்டி நிறுவனத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை உண்டு. கைபேசி உதிரிப் பொருள்களில் தொடங்கிய நிறுவனம் பிறகு மின்கார்களை இங்கே ஒருங்கிணைத்தது. 2022ல் விற்பனைக்கு வந்த அட்டோ 3 காரில் இருப்பது பிளேடு பேட்டரி, அதாவது இரும்பு பாஸ்பேட். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 2025ல் கொண்டுவந்த கிரேட்டா மின்காரில் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த அடுக்கு ஆக்சைடு. ஸ்ரீபெரும்புதூர் கைபேசிகளில் அதன் மூத்த உறவான கோபால்ட் ஆக்சைடு. ஆக, ஸ்டாக்ஹோம் மேடையில் சொன்ன மூன்று குடும்பங்களில் இரண்டு, சில கிலோமீட்டர் இடைவெளியில், இந்தச் சாலையோரத்தில் தினமும் கையாளப்படுகின்றன. ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிளை இணைக்கும் தொழிலாளி ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறாரே, அந்தக் கேபிளில் ஓடுவது இந்த வேதியியல் தரும் மின்னழுத்தம்தான்.

இங்கே மேற்கோள் கிடையாது. லைனில் ஒட்டியிருக்கும் வேலைக் குறிப்பில் அடிக்குறிப்பு போடுவதில்லை. கட்டுரையின் பயணத்தில் மிக நீளமான, மிக முக்கியமான பகுதி கடைசிப் பகுதி. மேற்கோள் அட்டவணை அது தொடங்குவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. எண்களை வைத்து மட்டும் ஒரு வேதியியலாளரை மதிப்பிடும் குழு, ஆய்விதழிலிருந்து ஆய்விதழுக்குப் போன தூரத்தைத்தான் பார்க்கிறது. ஆய்விதழிலிருந்து ஆலைக்கு வந்த தூரத்தை அது பார்க்கவே இல்லை.

இங்கிருந்து செய்யக்கூடியது

எண்களைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. ஒருவர் பத்து ஆண்டாக என்ன எழுதினார், யார் எடுத்தாண்டார்கள் என்று தெரிந்துகொள்ள அவை நல்ல வாசல். 2012ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் உருவாகி உலகெங்கும் பல்லாயிரம் பேரும் நிறுவனங்களும் கையெழுத்திட்ட ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் கேட்பதும் அதுதான்: இதழின் பெயரையும் எண்ணையும் பார்ப்பதைவிட, கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மந்திரத்தின் 1989 கட்டுரையை மதிப்பிட அரைமணி நேரம் போதும். ஆறு பக்கத்தைப் படித்த எந்த வேதியியலாளருக்கும் 3.0க்கும் 3.6க்கும் இடையே என்ன நடந்தது என்று புரியும். அதே அரைமணியை மேற்கோள் எண்ணைத் தேடுவதில் செலவிட்டிருந்தால், 1990ல் அவருக்குக் கிடைத்திருக்கும் மதிப்பெண் மிகக் குறைவு.

இதை மற்ற ஊர்களைவிட ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் தடம் நன்றாகச் செய்ய முடியும். சாலையின் ஒரு பக்கம் பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. மறுபக்கம் பெயின்ட் ஷாப், டயர் கலவைப் பகுதி, பேட்டரி இணைப்பகம், தர ஆய்வகம், ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசு ஆய்வு மையம். பி.எஸ்சி. வேதியியல் படித்த எத்தனையோ பிள்ளைகள் அந்த ஆய்வகங்களில் வேலை பார்க்கிறார்கள். ஓர் ஆசிரியர் துரு தடுக்கும் பூச்சு பற்றி எழுதிய முறையை அங்கே யாராவது பயன்படுத்துகிறார்களா? அவருடைய மாணவர் கற்றுக்கொண்ட அளவீட்டு முறை ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க உதவியதா? அவர் கட்டுரையை ஏதாவது காப்புரிமை எடுத்தாண்டதா? கேட்டால் பதில் கிடைக்கும் தூரத்தில்தான் ஆலை இருக்கிறது. கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை.

பதவி உயர்வுக் கோப்பில் எச்-இன்டெக்ஸுக்கு ஒரு வரி இருக்கட்டும். அதற்குக் கீழே மூன்று கட்டுரைகளை முழுமையாகப் படித்த ஒருவரின் ஒரு பக்கக் கருத்து இருக்கட்டும். அதற்கும் கீழே, அந்த வேலையை யார் எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று விசாரித்து எழுதிய குறிப்பு இருக்கட்டும். அப்படி ஒரு கோப்பு நம் கல்லூரிகளில் வழக்கமானால், அடுத்த ஆறு பக்கக் கட்டுரையை எழுதப்போகும் இளம் வேதியியலாளர் எண்ணிக்கைக்காக ஒன்றை ஆறாக உடைக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் சுத்தமான சோதனைக்குத் தேவையான காலத்தை எடுத்துக்கொள்ளலாம்.